கதவுக்கு அடியில் இரண்டு கால்கள்

அத்தியாயம் 7

சிறையில் இருக்கிறவரைப் போய்ப் பார்ப்பதற்கு மனு பார்ப்பது என்று பெயர். ஆண்கள் சிறை வாசலில் மனு பார்க்கிற வரிசை காலையிலேயே சாலை வரைக்கும் நீண்டுவிடும். தாய், தாரம், தங்கை என்று எல்லோரும் பழமும் பிஸ்கட்டும் பையில் திணித்துக்கொண்டு நிற்பார்கள். பெண்கள் சிறை வாசலில் அன்றைக்கு நின்றவர்கள் மூன்றே பேர். அதிலும் இரண்டு பேர் துப்பறிய வந்தவர்கள்.

"பாத்துக்கோக்கா," என்றாள் மெர்சி. "ஆம்பள உள்ள போனா திருவிழா. பொம்பள உள்ள போனா இழுத்து மூடுன தியேட்டர்."

சசிரேகா சிரிக்கவில்லை. காவல் நிலையத்தில் எழுத்தர் வேலை பார்த்துச் சலித்துப்போய், ஸ்ரீபெரும்புதூர் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டுத் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அவள். அந்த இரண்டாவது நாற்காலிதான் மெர்சி. மெர்சி எவ்வளவு நக்கலடிக்கிறாளோ அவ்வளவு பயந்திருக்கிறாள் என்று சசிரேகாவுக்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு அவளுக்கு உண்டு என்பது மெர்சிக்கும் தெரியும்.

ஏனென்றால் இதே சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றரை வருடம் இருந்தவள் மெர்சி. வேலை பார்த்த இடத்தில் செல்போன் காணாமல்போன வழக்கு. கடைசியில் குற்றமற்றவள் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். விட்டார்களே தவிர, அந்த ஒன்றரை வருடத்தை எடுத்துவைத்து யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பூமாரி வந்து உட்கார்ந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்தவள். மூன்று வருடத்துக்கு முன் ஹாஸ்டல் மேற்பார்வையாளன் கோபாலை மொட்டை மாடியிலிருந்து தள்ளிக் கொன்றாள் என்று அவளுக்கு ஆயுள் தண்டனை. தீர்ப்பு நாளில் அவள் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததாம். தண்டனை பற்றி ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நீதிபதி கேட்டாராம். குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு, "கொஞ்சம் மெதுவா பேசுங்கய்யா, இப்பத்தான் ஒறங்குனா," என்றாளாம். அவள் சொன்னது அவ்வளவுதான்.

அந்தக் குழந்தை தங்கமாரிக்கு அடுத்த வாரம் ஆறு வயது ஆகிறது. ஆறு வயதுக்கு மேல் பிள்ளைகள் தாயோடு சிறையில் இருக்க முடியாது. சொந்தத்தில் யாராவது கூட்டிப்போக வேண்டும், இல்லையென்றால் காப்பகம். பூமாரியின் புருஷன் வழக்கு ஆரம்பித்த சூட்டோடு வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டான். தண்டனையை நிறுத்திவைத்து அவளை ஜாமீனில் விடக் கேட்கும் விண்ணப்பம் நாளைக் காலை உயர்நீதிமன்றத்தில் வருகிறது. புதிதாக ஒரு சாட்சியின் பெயரை இன்று சாயங்காலத்துக்குள் கொடுத்தால்தான் வாயைத் திறக்க முடியும் என்று வக்கீல் இளம்பரிதி சொல்லிவிட்டார்.

சசிரேகா பேசுகுழலை எடுத்தாள். "கோர்ட்டுல சொன்னதை எங்களுக்கும் ஒருதரம் சொல்லும்மா."

பூமாரி மனப்பாடமாய்ச் சொன்னாள். எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதையோ.

"பி ஷிப்ட்டுக்குப் பிள்ளையள்லாம் போயாச்சு. மாடியில துணி எடுக்கப் போனேன். அந்தாளு பின்னாடியே வந்து கதவைச் சாத்திட்டு கையைப் புடிச்சான். நான் சத்தம் போட்டேன். கதவுக்கு அடியில நாலு விரக்கடை எடவெளி உண்டும். அதுல ரெண்டு காலு தெரிஞ்சுது. சமையக்கார லீலாக்கா காலு. மெட்டி போடாத காலு, எனக்குத் தெரியாதா? அக்கா அக்கான்னு கூப்பிட்டேன். அந்தக் காலு அசையவே இல்ல."

"அப்புறம்?"

"கையைக் கடிச்சிட்டுத் தண்ணித் தொட்டிக்கு அடியில போய் தலையைக் கவுந்துக்கிட்டேன். பொத்துன்னு சத்தம் கேட்டுச்சு. பாத்தா ஆளக் காணோம். கதவைத் தெறந்தேன், அங்க அக்காவும் இல்ல. கீழ ஓடுனேன். நான் ஓடுனதைத் தண்ணிக் கேன் போட வந்தவன் பாத்தான். லீலாக்கா அன்னைக்குப் போனவதான்."

லீலா என்று ஒரு சமையல்காரி அங்கே வேலை பார்த்ததை யாரும் மறுக்கவில்லை. அவள் மாடிக் கதவுக்குப் பின்னால் நின்றதைத்தான் யாரும் நம்பவில்லை. பூட்டாத கதவு, தாழ்ப்பாளும் கழன்று விழுந்த கதவு. அதற்குப் பின்னால் ஒருத்தி நின்றாளாம், உயிர் போகிற மாதிரி ஒருத்தி கூப்பிட்டும் திறக்காமலே நின்றாளாம். உலகத்தில் யாராவது அப்படி நிற்பார்களா என்று அரசு வக்கீல் கேட்டபோது கோர்ட்டில் சிரிப்பு எழுந்ததாம்.

மெர்சி பேசுகுழலைப் பிடுங்கினாள். "பூமாரி, அந்தக்கா மத்த கதவுங்களாண்ட எப்படி?"

"எப்படின்னா?"

"ஸ்டோர் ரூம் கதவு, பின்வாசக் கதவு. போவசொல்ல வரசொல்ல இன்னா பண்ணும்?"

பூமாரி யோசித்தாள். "நிக்கும்க்கா. கையில பாத்திரத்தை வச்சுக்கிட்டு கதவு முன்னால சும்மா நிக்கும். நான் போய் தெறந்துவிடுவேன். கைவலி போலன்னு நெனச்சுக்கிடுவேன். ஏன் கேக்கிய?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காவலர் வந்து நின்றதும் பூமாரி எழுந்தாள். இரும்புக் கதவு வரை போனாள். கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றாள். காவலர் வந்து திறந்தார். அப்புறம்தான் காலை எடுத்து வைத்தாள்.

"பாத்தியாக்கா?" என்றாள் மெர்சி. குரல் அவளுடையது போலவே இல்லை.

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுதான் மிச்சத்தைச் சொன்னாள். "உள்ள யாரும் கதவைத் தொட மாட்டாங்க. தொட்டா திட்டு. வார்டன் வந்து தொறக்கணும், நாம போவணும். பழகிடும். வெளிய வந்தும் எட்டு மாசம் எங்க வூட்டு பாத்ரூம் முன்னாடியே நின்னுகினு இருந்தேன். அவசரமா வந்தாலும் நிப்பேன். எங்கம்மா பேய் புடிச்சிக்கிச்சுன்னு பாஸ்டரைக் கூட்டியாந்துச்சு. அவரு எண்ணெய் போட்டு ஜெபம் பண்ணாரு. எனக்குத் தேய்ச்ச எண்ணெயைக் கதவுக்குத் தேய்ச்சிருந்தாலாவது கிரீச்சுன்ற சத்தம் நின்னுருக்கும்."

சசிரேகா ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "அப்ப லீலாவும் உள்ள இருந்தவ."

"ஒன்றரை வருஷம் ரெண்டு வருஷம் இல்லக்கா. எனக்கே எட்டு மாசத்துல போச்சு. அதுக்குப் போவலன்னா ரொம்ப வருஷம்."

"அதனாலதான் ஓடியிருக்கா. கொலை நடந்த இடத்துல ஏற்கெனவே ஜெயில்ல இருந்த ஒருத்தி நின்னா முதல் விலங்கு யாருக்கு?" சசிரேகா வண்டியைக் கிளப்பினாள். "கிளம்பு. ஹாஸ்டல் பிள்ளைங்க பி ஷிப்ட்டுக்கு பஸ் ஏற இன்னும் நேரம் இருக்கு."

ஒரகடம் போய்ச் சேர்ந்தபோது வானம் கறுத்துக் கிடந்தது. கம்பெனிப் பேருந்துகள் ஒவ்வொன்றாகப் பி ஷிப்ட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தன. சுகப்பிரியா என்ற பெண் அந்த ஹாஸ்டலில் அப்போதும் இருந்தவள், இப்போதும் இருக்கிறவள். அவளுக்கும் ஊர் தெற்கேதான். பேருந்துப் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று பேசினாள்.

"லீலாத்தையா? போனது போனதுதான். ஆனா சொன்னா சிரிப்பிய, போன மாசம் கம்பெனி கேன்டீன் ரசத்துல அவிய வந்தாவ."

"ரசத்துல எப்படிம்மா வருவாங்க? முங்கிக் குளிக்கவா?" என்றாள் மெர்சி.

"கொத்தமல்லித் தண்டை ஒரு பிடி நூல்ல கட்டி ரசத்துல போட்டு, எறக்கையில எடுத்துருவாவ. எங்க ஊர்ப் பக்கம் யாரும் அப்படிச் செய்யமாட்டாவ, இங்கயும் நான் கண்டதில்ல. கேன்டீன்ல எனக்கு ஊத்துன ரசத்துல எடுக்க மறந்த முடிச்சு ஒண்ணு விழுந்துச்சு. பக்கத்துல இருந்த பிள்ளை பூச்சி பூச்சின்னு கத்துனா. நான் வாயில வச்சுப் பாத்தேன். அதே ரசம்."

"கேன்டீன் சாப்பாடு எங்க இருந்து வருது?"

"பென்னலூர்ல இருந்து வண்டியில வரும்." பேருந்து நகர்ந்தது. சுகப்பிரியா உள்ளே ஏறிக்கொண்டே சொன்னாள், "ஆள் ஒல்லி. நீளச் சடை. வேற ஒண்ணும் தெரியாதுக்கா."

பென்னலூர்ச் சமையல் கூடம் பெரிய தகரக் கொட்டகை. ஆறு அடுப்பு, ஆளை உட்கார வைத்துக் குளிப்பாட்டுகிற அளவுக்கு அண்டாக்கள். நான்கு கம்பெனிக்கு அங்கிருந்துதான் சாப்பாடு. பத்துப் பதினைந்து பெண்கள் தலையில் வலை போட்டுக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரையும் மேய்த்துக்கொண்டிருந்தவள் மீனம்மாள். கனத்த உடம்பு, ஆண்பிள்ளை போலக் கத்தரித்த முடி, மூக்குக்கண்ணாடி. வந்தவர்கள் யார் எவர் என்று கேட்கும் முன்பே டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டாள்.

"காதுகுத்து விசேஷம்," என்றாள் சசிரேகா. "ரசத்தைப் பத்தி ஊரே பேசுது. கொத்தமல்லித் தண்டு கட்டிப் போடுற கை யாரோடது?"

மீனம்மாள் கரண்டியைத் துடைத்துக்கொண்டே, "ஓ, அதுவா. லீலான்னு ஒருத்தி இருந்தா, அவ கத்துக் குடுத்தது," என்றாள். "ரெண்டு வாரம் ஆச்சு நின்னு. குன்றத்தூர் மலையடிவாரத்துல சமையலுக்குப் போறேன்னா. அட்ரஸ் தெரியாது. கோயிலாண்ட கேட்டா சொல்லுவாங்க."

இவ்வளவு லேசாகக் கிடைக்கும் என்று மெர்சி நினைக்கவில்லை. சந்தோஷத்தில் நாக்கு துள்ளியது. பின்வாசல் கதவை ஓர் எண்ணெய் டின் பிடித்துக்கொண்டிருந்தது. அரிசி அறைக் கதவுக்கு ஒரு மூட்டை. ஆபீஸ் அறைக்குக் கதவே இல்லை, பழைய சேலைதான் தொங்கியது. கடைசி அறைக் கதவு மூடாமல் இருக்க முழுசாய் ஒரு பரங்கிக்காய் உட்கார்ந்திருந்தது.

"இன்னாக்கா, கதவுக்கெல்லாம் லீவு வுட்டுட்டீங்களா?"

"ஆறு அடுப்பு எரியுதும்மா. சூடு வெளிய போவ வேணாமா? இல்லன்னா நாங்களும் சேர்ந்துல்ல வேவோம்." மீனம்மாள் சிரித்தாள். நல்ல சிரிப்பு. மெர்சிக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

சசிரேகா செல்போனை எடுத்து அந்தக் கூடத்தைப் படம் பிடித்தாள். காதுகுத்துக்கு ஆள்பலம் காட்ட என்றாள். உண்மையில் அது சுகப்பிரியாவுக்குப் போகிற படம். போனது, பார்க்கப்படவில்லை. கம்பெனியில் வேலை நடக்கிற லைனுக்குள் போகிறவர்கள் செல்போனைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஷிப்ட்டு முடிகிறபோது வக்கீல் சொன்ன கெடு எப்போதோ முடிந்திருக்கும்.

வெளிக் கேட் வரைக்கும் வந்துவிட்டார்கள். மழை தூற ஆரம்பித்தது. மெர்சி ஸ்கூட்டர் சீட்டை முந்தானையால் துடைத்தாள்.

"சீக்கிரம்க்கா. செம்பரம்பாக்கம் ஏரியைச் சுத்திகினு போவணும். மழை புடிச்சுக்கிச்சின்னா..."

"மெர்சி. அந்தப் பரங்கிக்காய் எந்த ரூம்ல இருந்துச்சு?"

"கடைசி ரூமு. தயிர், பால் வெக்கற ரூமு. உனக்கு இப்ப இன்னா, பரங்கிக்காய் கூட்டா?"

"அந்தப் பக்கம் போனியே, எப்படி இருந்துச்சு?"

"சில்லுனு இருந்துச்சு. உள்ள ஏசி ஓடுது."

"சூடு வெளிய போறதுக்குக் கதவைத் திறந்து வைப்பாங்க," என்றாள் சசிரேகா. "குளிர் வெளிய போறதுக்கு யாராவது திறந்து வைப்பாங்களா?"

மெர்சியின் கை சீட்டின் மேலேயே நின்றுவிட்டது.

ஒல்லி என்றார்கள். மூன்று வருடம் சமையல் கூடத்தில் இருந்தால் உடம்பு வைக்காதா? நீளச் சடை என்றார்கள். கத்தரிக்கோலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆளை மாற்றிக்கொள்ளலாம், பெயரை மாற்றிக்கொள்ளலாம். கதவைத் திறக்க வராத கையை மட்டும் எங்கே கொண்டுபோய் மாற்றுவது? அதனால்தான் மீனம்மாள் அந்தக் கூடத்தில் ஒரு கதவையும் மூடவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

திரும்பி உள்ளே போனார்கள். மீனம்மாளைக் காணவில்லை. காய் நறுக்குகிற பெண்ணொருத்தி கண்ணால் கடைசி அறையைக் காட்டினாள். "தயிர் எடுக்கப் போயிருக்காங்க."

சசிரேகா நேரே நடந்தாள். நின்று யோசிக்கவெல்லாம் இல்லை. செருப்புக் காலால் பரங்கிக்காயை ஓர் உருட்டு. அது தள்ளிப்போய் நின்றது. ஸ்பிரிங் வைத்த கதவு மெதுவாக வந்து டக்கென்று சாத்திக்கொண்டது.

"அக்கா, இன்னா பண்ற நீ?"

"நான் தப்பா நெனச்சிருந்தா அந்தம்மா இப்பவே திறந்துகிட்டு வந்து என்னைத் திட்டுவாங்க. நான் மன்னிப்புக் கேப்பேன்."

"சரியா நெனச்சிருந்தா?"

"அப்பவும் மன்னிப்புக் கேக்கணும்."

காத்திருந்தார்கள். அடுப்பு இரைச்சல். தகரத்தில் மழை. கதவு திறக்கவில்லை.

மெர்சி குனிந்தாள். கதவுக்கு அடியில் கொஞ்சம் இடைவெளி. உள்ளே வெள்ளை வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் இரண்டு கால்கள். மெட்டி இல்லை. கதவை ஒட்டி, சேர்த்து வைத்த கால்கள். தட்டவில்லை, கூப்பிடவில்லை, ஓர் அடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரவில்லை. யாரோ ஒருவர் எப்போதாவது வருவார் என்று நிற்கிற கால்கள்.

பூமாரி கண்டது இதைத்தான். கோர்ட்டில் சிரித்தது இதற்குத்தான்.

சசிரேகா கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினாள். மெர்சி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "நீ தொடாத. நீ தொறந்தா அது வார்டன் தொறந்தது மாதிரி."

"அப்ப நீ திற."

திறக்கலாம்தான். சும்மா ஓர் அலுமினியக் கைப்பிடி. மெர்சிக்குப் பழக்கம் விட்டுப்போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் காலையில் அந்த இரும்புக் கதவைப் பார்த்ததிலிருந்தே முழங்கைக்குக் கீழே ஏதோ மரத்துக் கிடந்தது. கையைத் தூக்கு என்றால் தூக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. நடுவில் பூட்டே இல்லாத ஒரு பலகை. சாமி, இதைப் பார்க்கிற யாருக்கும் சிரிப்புத்தான் வரும்.

மெர்சி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "அக்கா. பயப்படாத. நானும் உள்ள இருந்தவதான்."

நெற்றியை எடுக்காமலே பேச்சைத் தொடர்ந்தாள்.

"தையல் கத்துக் குடுக்கற கொட்டாய் இருக்குதே, அதுக்கு எதிர் பிளாக்கு. அரைக்கை ஜாக்கெட் நல்லா தெப்பேன். காஜா மட்டும் வராது."

உள்ளேயிருந்து குரல் வந்தது. டீ கொடுத்தபோது இருந்த அதிகாரம் அதில் இல்லை. "அந்த வேப்பமரம் இன்னும் கீதா?"

"கீதுக்கா. பாதி வெட்டிட்டாங்க. கிளி மட்டும் இன்னும் வந்துகினுதான் இருக்குது."

"அது பழம் உதிர்த்துப் போடும். பொறுக்கித் தின்னா சூப்பிரண்டு திட்டும்."

"எனக்கும் திட்டு விழுந்துச்சுக்கா," என்றாள் மெர்சி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை தானாகப் போய்க் கைப்பிடியை அழுத்தியிருந்தது. அது எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது.

கதவு திறந்தது. மீனம்மாள் தயிர் வாளியைக் கையில் பிடித்தபடி நின்றாள். குளிரில் விரல் நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. மூக்குக்கண்ணாடி பனி மூடியிருந்ததால் கண் தெரியவில்லை. மெர்சி வாளியை வாங்கிக் கீழே வைத்தாள். சசிரேகா குனிந்து பரங்கிக்காயைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தாள்.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றாள்.

மீனம்மாள் அடுப்போரம் போய் உட்கார்ந்தாள். கையைத் தீக்குக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"புருஷன் செத்தான். பதினோரு வருஷம் உள்ள இருந்தேன். வெளிய வந்து லீலான்னு பேரு வெச்சுகினேன், மீனம்மாள்லாம் அப்பால. அன்னிக்கி மாடியில அந்தப் பொண்ணு கத்தசொல்ல படியேறி ஓடுனேன். ஓடுனேன்மா, நிஜமா. கதவாண்ட போயி நின்னுட்டேன். தாப்பா இருந்த எடத்துல ஓட்டை. அதுல கண்ணு வெச்சு எல்லாம் பாத்தேன். அது அவன் கையைக் கடிச்சிட்டுத் தொட்டிக்கு அடியில பூந்துகிச்சு. அவன் அதைப் புடிக்க ஓடியாந்தான். தரையெல்லாம் சோப்புத் தண்ணி, கைப்பிடிச் சுவரு முழங்கால் ஒசரம்தான். வழுக்குனான். கொடிக்கம்பியைப் புடிச்சான், கம்பி அறுந்துச்சு. அந்தப் பொண்ணு விரல் நுனி கூட அவன் மேல படல. கடைசி வரைக்கும் நான் பாத்துகினுதான் இருந்தேன். கை வரல."

"இதைக் கோர்ட்டுல சொல்லணும்மா," என்றாள் சசிரேகா. "இன்னைக்கு உங்க பேரைக் குடுத்தாதான் நாளைக்கு வக்கீல் பேச முடியும்."

"சொன்னா? நாளைக்குப் பேப்பர்ல வரும். மறுநாளே இன்னாரு உள்ள இருந்தவன்னு கம்பெனிக்காரன் போன் போடுவான். இந்தக் கரண்டி என் கையில இருக்காது. ரெண்டு ஷிப்ட்டும் சேத்து முப்பது பொம்பளைங்க என்னை நம்பிகினு கீறாங்க."

வேலை போகாது என்று மெர்சி சொல்லியிருக்கலாம். அவள் வேலைக்குக் கேட்டுப்போன ஒவ்வோர் இடத்திலும் உள்ளே இருந்தவள் என்று தெரிந்ததும் முகம் மாறியதைப் பார்த்தவள். பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"போவும்க்கா," என்றாள். "போனாலும் போவும்."

சசிரேகா அவளைத் திரும்பிப் பார்த்தாள். சாட்சியை இழுத்துவரச் சொன்னால் விரட்டிவிடுகிறாளே என்று அந்தப் பார்வை. மெர்சி கண்டுகொள்ளவில்லை.

"அடுத்த வாரம் தங்கமாரியைக் கொண்டுபோய் காப்பகத்துல வுட்டுடுவாங்க. அதுக்கும் நான் ஒண்ணும் பண்ண முடியாது. அதான் நெலவரம். நீயே பாத்துக்கோ."

மீனம்மாள் தீயிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "தங்கம்," என்றாள். "ரெண்டு வயசுல என் மடியில குந்திகினு ரசத்தை டம்ளர்ல வாங்கிக் குடிக்கும். சொட்டுப் போடாது. உள்ள ரசம் இன்னும் அந்த மஞ்சத் தண்ணிதானா?"

"அதேதான். தெளிவா இருக்கும், முகம் பாத்து பொட்டு வெச்சிக்கலாம்."

மீனம்மாளின் உதடு கொஞ்சம் வளைந்தது. அது சிரிப்பா வேறெதுவா என்று சொல்ல முடியாது. "சரி, வரேன்னே வெச்சுக்கோ. ஏன் தொறக்கலன்னு கேப்பாங்கல்ல? அன்னிக்கி கோர்ட்ல சிரிச்சாங்களாமே, பேப்பர்ல போட்டிருந்துச்சு. நாளைக்கும் சிரிச்சா?"

பார்த்தாள், கேட்டாள் என்றால் சட்டத்துக்குப் புரியும். நின்றாள் என்றால் எந்தச் சட்டத்துக்குப் புரியும்?

"என் பேரையும் குடுக்கா," என்றாள் மெர்சி.

"யார் பேரை?"

"என் பேருதான். மெர்சி, ஒன்றரை வருஷம் விசாரணைக் கைதி. எங்க வூட்டு பாத்ரூம் முன்னாடி எட்டு மாசம் நின்ன கதையை நான் கூண்டுல ஏறிச் சொல்றேன். அம்மா, பாஸ்டரு, எண்ணெய், எல்லாம். சிரிக்கறதா இருந்தா ஃபர்ஸ்ட் என்னைப் பாத்து சிரிக்கட்டும். எனக்குப் பழக்கம்தான்."

குன்றத்தூரில் அவளுக்குப் பேசிவைத்திருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்கு அந்த ஒன்றரை வருடம் இதுவரைக்கும் தெரியாது. சசிரேகாவுக்கு அது தெரியும்.

மீனம்மாள் எழுந்தாள். தலைவலையைக் கழற்றினாள். காய் நறுக்குகிறவர்களில் மூத்தவளைக் கூப்பிட்டுக் கரண்டியைக் கையில் கொடுத்தாள்.

"ரசத்துக்கு முடிச்சு கட்டிப் போட மறக்காத. எறக்கசொல்ல எடுக்கவும் மறக்காத. போன மாசம் மறந்தே பாரு, எவ்ளோ தூரம் இழுத்துகினு வந்துட்டுச்சு."

வக்கீல் இளம்பரிதி ஸ்ரீபெரும்புதூர் ஆபீஸில் காத்திருந்தார். சசிரேகா போனில் இரண்டு பெயர்களைச் சொன்னாள். லீலா என்கிற மீனம்மாள். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, மெர்சி. அந்த முனையில் வக்கீல் என்ன கேட்டாரோ, "ஆமாம் சார், என் மெர்சிதான்," என்றாள்.

மழை இப்போது சரியாகப் பிடித்துக்கொண்டது. ஸ்கூட்டரில் மூன்று பேர் போக முடியாது. சமையல் கூடத்துக்காரர்கள் தங்கள் காரை எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். பளபளவென்று புதுக் கார். மீனம்மாள் அதன் பக்கத்தில் போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். மழை அவள் தோளில் இறங்கியது.

மெர்சி எங்கே என்று சசிரேகா தேடினாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடியவள் ஓர் ஆட்டோவோடு திரும்பி வந்தாள். மீனம்மாளின் முழங்கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

"ஏறுக்கா," என்றாள். "கதவு இல்லாத வண்டியா பாத்துதான் புடிச்சாந்தேன்."